சின்ன ராணியின் சுவர்

தூளி ஆடிக்கொண்டிருந்தது. தன் கால் ஆடவில்லை என்பது தேவகிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

நெசவுக்காரிக்குக் கை இரண்டும் தறிக்காக நீள விரித்த நூல் பாவில் இருக்கும். பிள்ளையைக் கால்தான் பார்த்துக்கொள்ளும். தூளியிலிருந்து முறுக்கிய பட்டு நூல் ஒன்றை இழுத்துக் கால் கட்டை விரலில் கட்டிக்கொண்டால், பாவில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டே ஆட்டிவிடலாம். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஊர் வாயெல்லாம் கேட்டு, வெகு காலம் கழித்துப் பெற்ற பிள்ளை. தூங்கும்போதுகூட மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

ஐப்பசி மழை தெருவில் பாவு விரிக்க விடவில்லை. அதனால்தான் ஜமீன் ஒழிந்தபின் சும்மா கிடந்த அரண்மனையின் இந்தப் படக்கூடத்தைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆளுயர ராணிகள். ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் புழுங்கிப்போன துணியும் சேர்ந்த வாடை தொண்டை வரைக்கும் இறங்கி உட்கார்ந்திருக்க, கூரை ஓட்டையிலிருந்து மழைநீர் எங்கோ இருட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. கூலிக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்பது போலத்தான் ராணிகள் பார்த்தார்கள்.

காவல்காரன் சிட்டிபாபுவுக்கும் அதே முகம். படங்களுக்குப் பின்னால் இருப்பது இரட்டைச் சுவர் என்றும், நடுவில் ஆள் நடக்கிற சந்து கூடத்தின் கோடி வரைக்கும் ஓடுகிறது என்றும், அந்தப்புரத்துப் பெண்கள் அதற்குள் நின்று படத்துக் கண்களின் ஓட்டை வழியாகச் சபையைப் பார்ப்பார்கள் என்றும் வேண்டாவெறுப்பாகச் சொன்னான்.

"கடைசிப் படம் சின்ன ராணி. புள்ள இல்லாதவங்க. மூத்த ராணியோட கொழந்தையத் தூக்கிக்கினு சந்துக்குள்ள போனாங்க, வெளிய வரலை. அப்புறம் செங்கல் வெச்சு அடைச்சிட்டாங்க. தூளிய அங்க கட்டாதம்மா."

விரட்டப் பார்க்கிறான் என்று தேவகிக்கு எரிச்சல் வந்தது. தூளி கட்டக் கொக்கி அங்கேதான் இருந்தது. கட்டினாள்.

அவள் புருஷன் பரசுராமன் பாவுக்குக் கஞ்சி காய்ச்ச வீட்டுக்குப் போன பிறகு, கால் நூல் அறுந்தது. அறுந்த இழையைக் கண்டால் நெசவுக்காரியின் விரல் யோசிக்காது. பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே குனிந்து, தூளிப்பக்கத்து நுனியைப் பிடித்து, தரையில் தட்டுப்பட்ட இன்னொரு நுனியோடு முடிந்துவிட்டாள்.

இப்போது குனிந்து பார்த்தாள். விரலில் கட்டிய நூல் நுனி அறுந்து தொய்ந்து கிடந்தது. தூளியிலிருந்து வந்த நூல் அவளிடம் வரவில்லை. சின்ன ராணியின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரிசலுக்குள் போயிற்று. விறைப்பாக. இழுத்தது. விட்டது. இழுத்தது.

ஓடினாள். தூளியை விரித்தாள். துணி சூடாக இருந்தது. பிள்ளை இல்லை.

சுவருக்குள் அழுதான்.

அவள் பிள்ளையின் குரல்தான். சின்ன ராணிக்குப் பின்னால். பிறகு அடுத்த படத்துக்குப் பின்னால். அதற்கும் அடுத்தது. தேவகி சுவரை அறைந்துகொண்டே கூடவே ஓடினாள். பாவு காலில் சிக்கி அறுந்தது. வளையல் உடைந்தது. அழுகை கூடத்துக் கோடிக்குப் போயிற்று. திரும்பி வந்தது. யாரோ தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பிள்ளை பெறாதவள். சமாதானப்படுத்தத் தெரியவில்லை.

கால் கட்டை விரலை எதுவோ சுண்டி இழுத்தது.

தொய்ந்து கிடந்த நூல் எழும்பி நின்றது. அதன் நுனி விரிசலுக்குள் இருந்தது.

தேவகி காலை மெல்ல ஆட்டினாள். அழுகை நின்றது. நிறுத்தினாள். அழுதான். மறுபடி ஆட்டினாள்.

பரசுராமன் கஞ்சிப் பானையோடு வாசலில் வந்து நின்றான். அறுந்து கிடந்த பாவைப் பார்த்தான். தூளியைப் பார்த்தான்.

"தேவகி, புள்ள எங்க?"

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை.

"சத்தம் போடாதய்யா. இப்பத்தான் தூங்கறான்."

அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது.