ஒன்பது வருட மூச்சு

மாதங்கி ஒன்பது வருடங்களாக மூச்சுவரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. சோம்பல் இல்லை, வீம்பு. பிறந்த ஊரான வெண்குடியோடு இனி ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று நிலாவிலிருந்து கோயம்புத்தூருக்கு இறங்கி வந்தவள், அந்த ஊரின் படிவத்தில் எதற்குக் கையெழுத்துப் போடப் போகிறாள்?

ஆனால் வெண்குடி தன் குடிமக்களை அப்படி விட்டுவிடுவதில்லை. நிலாக் குடியிருப்பில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அன்றாடம் ஒரு காற்றுப்பங்கு உண்டு. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் பங்கு வீட்டுக்குழாயில் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே வெளியே வாழ்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, தாங்கள் எங்கே எத்தனை நாள் சுவாசித்தோம் என்று கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டும். பொய் சொல்ல வழியில்லை. குழந்தை பிறந்ததும் காறை எலும்புக்கு அடியில் கடுகளவு மூச்சுமானியைப் பதித்துவிடுவார்கள். கடைசி மூச்சு வரை அது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும்.

இப்போது அவள் வெண்குடித் தூதரக வரிசையில் வந்து நின்றது கணவன் சென்னியப்பனுக்காக. அவனுக்குத் தசைகள் தளர்ந்துகொண்டே போகும் நோய். மாதம் ஒரு ஊசி போட்டால் தளர்ச்சி மெதுவாகும், நிற்காது. சக்கர நாற்காலிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நிலாவில் உடல் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அங்கே அவன் எழுந்து நடப்பான் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அதற்குத் துணைவர் விசா வேண்டும். விசாவுக்கு ஸ்பான்சர் செய்பவர் வரி பாக்கி வைத்திருக்கக் கூடாது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய விசா அது. அப்போதைய சட்டத்தில் குடும்பத் தலைவரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. குடும்பத் தலைவர் என்றால் அவள் அண்ணன் குலோத்துங்கன். "காலை இழுத்து இழுத்து நடக்கறவனுக்காக நம்ம காத்தை வீணாக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடினான். அதே வாரம் மாதங்கி விண்கலம் ஏறினாள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போன மாதம் அந்தச் சட்டம் மாறியது. அதே மாதம்தான் அண்ணனின் உணவகத்து விளம்பரமும் அவள் கண்ணில் பட்டது. ஒன்பது வருடமாக நிலாவிலேயே விறகடுப்பில் சமைக்கும் ஒரே இடமாம். தினம் ஒரே ஒரு சட்டி பள்ளிபாளையம் சிக்கன். சாப்பிட ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டுமாம். மாதங்கிக்குக் கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நெருப்பும் காற்றைத்தான் தின்னும். ஒரு ஆளின் ஒரு நாள் பங்கில் அரைக் கிலோ சுள்ளி எரியும். அரைக் கிலோ சுள்ளியில் ஒரு சட்டி வேகும். புருஷனால் வீணாகிவிடும் என்று சொன்ன அதே காற்றை, அவள் விட்டுவந்த பங்கை, ஒன்பது வருடமாக அடுப்பில் வைத்து எரித்திருக்கிறான் அண்ணன்.

வெண்குடித் தூதரகம் அவினாசி சாலையில் இருந்தது. அதிகாரி ஜெசிந்தா நல்ல மாதிரி. இரண்டு வழி இருப்பதாக விளக்கினாள். ஒன்று சமாதானக் கணக்கு: ஒரு பக்கப் படிவம், அபராதம், முடிந்தது. பங்கை யார் எடுத்தார்கள் என்று யாரும் கிளற மாட்டார்கள். இன்னொன்று முழு வாசிப்பு. வாசிப்பான் என்ற இயந்திரம் மூச்சுமானியைத் திறந்து, அவள் சுவாசிக்காத காற்று எந்தக் குழாயில் போனது என்று துரத்தும். காற்று பணமாக மாறியிருந்தால் பணத்தையும் துரத்தும். எடுத்தவர், அதனால் பலன் அடைந்தவர், ஒருவர் பாக்கியில்லாமல் பெயர் வரும். எடுத்தவர் குடியிருப்பை விட்டு வெளியேற்றப்படுவார். பலன் அடைந்தவர்களும் அங்கே காலெடுத்து வைக்க முடியாது.

முந்தின நாளே சென்னியப்பன் சொல்லியிருந்தான், சமாதானக் கணக்கே போதும், பழையதைக் கிளற வேண்டாம் என்று. அவன் எப்போதுமே அப்படித்தான், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான் என்று மாதங்கி நினைத்துக்கொண்டாள். அவனுக்கும் சேர்த்துத் தானே கோபப்பட வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாகவும் இருந்தது.

அவள் முழு வாசிப்பு என்றாள்.

ஜெசிந்தா திரையில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். எத்தனை பேரை மன்னிக்கிறீர்கள் என்று கேட்டது அது. நெருங்கிய உறவிலிருந்து தொடங்கி அத்தனை பேருக்குத் தண்டனை இருக்காது. பெயர்கள் வெளிவருவதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிட வேண்டும். பெயரைப் பார்த்தபின் சொல்லலாம் என்று விட்டிருந்த காலத்தில் ஆளாளுக்குப் பேரம் பேசினார்களாம்.

"எதுக்கும் ஒண்ணு போட்டு வைங்க மேடம்," என்றாள் ஜெசிந்தா. "குடும்பம்னு இருக்கறவங்க எல்லாரும் ஒண்ணாவது போடுவாங்க. தேவைப்படலைன்னா காலாவதி ஆயிடும்."

மாதங்கி சிரித்தாள். ஒன்று போட்டால் அந்த ஒன்றில் அண்ணன் தப்பித்துவிடுவானே? அவள் சுழியத்தை அழுத்தி, கைரேகை வைத்தாள். ஒன்பது வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக அவள் மூச்சு விட்டதில்லை. அதையும் மூச்சுமானி குறித்துக்கொண்டது.

வாசிப்பான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. ஆறாம் நாள் ஜெசிந்தா கூப்பிட்டு, முடிவைத் திரையில் திருப்பிக் காட்டினாள். முதல் பெயர் குலோத்துங்கன். உணவகத்துக்குப் பூட்டு, முப்பது நாளில் வெளியேற்றம். மாதங்கி அதை மூன்று தடவை படித்தாள். தித்தித்தது. அவன் பேனாவை மூடிய சத்தம் காதிலிருந்து போய்விட்டது போல இருந்தது.

"கீழே இன்னொரு பேர் இருக்குங்க மேடம்," என்றாள் ஜெசிந்தா. அவள் முகத்தை மாதங்கி அப்போதுதான் பார்த்தாள்.

சென்னியப்பன். பலன் அடைந்தவர். எட்டு வருடம், மாதம் ஒரு ஊசி. விசா நிரந்தரமாக மறுக்கப்படுகிறது. மன்னிப்பு: சுழியம். மாற்ற இயலாது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில், எரிந்துபோன ஒன்பது வருடக் காற்று முழுவதும் மாதங்கியின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தது. அவள் மட்டும் போய்ச் சுவாசிக்கலாம். வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அவள் முடிவின் நகலை அவன் மடியில் வைத்தாள். அவனே சொன்னான். கல்யாணமான மறு வருடம், கையெழுத்துக்காக அவளுக்குத் தெரியாமல் குலோத்துங்கனுக்கு எழுதினானாம். அடுப்பு விஷயம் அப்போதே தெரிந்துவிட்டதாம். வாயை மூடிக்கொண்டால் ஊசி அனுப்புவதாக அண்ணன் சொன்னானாம். ஊசி தருவது ஒரு அறக்கட்டளை என்று இத்தனை வருடம் அவளிடம் சொன்னதெல்லாம் பொய்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள் மாதங்கி.

"சொல்லியிருந்தா ஊசியத் தூக்கிக் குப்பையில போட்டிருப்ப, அம்மணி."

போட்டிருப்பாள். அது அவளுக்கும் தெரிந்தது. அதனால் அவன்மேல் வந்த கோபம் இன்னும் பெரிதானது. காலை இழுத்து நடப்பவன் என்று சொன்னவனிடமே போய்க் கை நீட்டியிருக்கிறான். இவனுக்காகத்தானே ஊரை விட்டாள்? அந்த அடுப்பில் இவனும் குளிர் காய்ந்திருக்கிறான்.

அந்த நேரத்தில் சுவர்த்திரை ஒலித்தது. வெண்குடியிலிருந்து குலோத்துங்கன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் அழைப்பை ஏற்றாள். அவன் கெஞ்சுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவன் பின்னால் உணவகத்தின் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வீணாக்கினது யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றாள் அவள்.

நிலாவுக்கும் பூமிக்கும் சொல் போய் வர இரண்டரை நொடி ஆகும். அவன் முகம் மாறுகிறதா என்று அந்த இரண்டரை நொடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாறவில்லை. அவன் கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை.

"பதினெட்டாம் தேதி அடுத்த ஊசி போடணும், மாதங்கி," என்றான். "இனிமே என்னால அனுப்ப முடியாது. எங்க வாங்கறதுன்னு மாப்பிள்ளைக்குத் தெரியும். வெலைதான் உனக்குத் தெரியாது."

திரை அணைந்தது. சென்னியப்பன் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

எவ்வளவு என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள். அவன் அதையேதான் சொன்னான்.