கறுப்பைத் தொலைத்த திரை

"இது யாரு?" என்று கேட்டான் அந்தப் பொடியன்.

எங்கள் கடையில் அச்சிட்ட படத்தை அவன் கையில் பிடித்திருந்தான். படத்தில் இருந்தது அவனுடைய அம்மா.

அவனுக்கு நான்கு வயது. அவன் அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவன் அப்பா எங்கள் பள்ளிப் பேருந்தின் டிரைவர். நான் ஓயாமல் கேள்வி கேட்பதால் எனக்குக் 'கேள்விக்குறி' என்று பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான். தன் போனில் இருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டுவதற்காக, அதை எங்கள் போட்டோ கடையில் கொடுத்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்று அவர் என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "முகம் இருட்டுல இருக்கிற மாதிரி இருக்கு. இவன் வேற நாளுக்கு நாள் மறந்துக்கிட்டே வர்றான். இனிமே இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அம்மாவை ஞாபகம் வச்சுக்கணும்."

"நீங்க ஏண்ணே தயங்குறீங்க? தப்பு என்னோடது. நாளைக்குச் சாயங்காலம் வாங்க, சரி பண்ணி வைக்கிறேன்," என்றாள் அம்மா.

அவர்கள் போனதும் அம்மா அச்சிட்ட படத்தைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திரையில் முகம் நன்றாகவே இருந்தது. தாளில் மட்டும் இருட்டு. மையை மாற்றினாள். தாளை மாற்றினாள். மறுபடி அச்சிட்டாள். அதே இருட்டு.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கினாள்.

"என் கண்ணுலதான் ஏதோ கோளாறு. அஞ்சு நாளா எந்தப் படத்தைத் திறந்தாலும் வெளிறித் தெரியுது. அவரை வேற கடைக்குப் போகச் சொல்லிடலாம். கண்ணே போச்சுன்னா இந்தத் தொழிலை எப்படிப் பண்றது?" என்று சொல்லிச் சிரித்தாள். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஐந்து நாள் என்றால் சனிக்கிழமை.

சனிக்கிழமை அம்மா கடையில் இல்லை. உருண்டு போன அழிப்பானை எடுக்க நான் மேசையை இழுத்தேன். மேசை வந்தது. கூடவே மானிட்டரின் கேபிளும் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் நுனியில் இருந்த குட்டிக் கம்பிகள் இரண்டு வளைந்துவிட்டன. நிமிர்த்திப் பார்த்தேன். ஒன்று ஒடிந்தே போனது. அந்தக் கேபிளை அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, அங்கே கிடந்த எச்.டி.எம்.ஐ. கேபிளை எடுத்து கணினியிலும் மானிட்டரிலும் செருகினேன். டிவிக்குப் போடுவோமே, அதே மாதிரி கேபிள். படம் வந்தது. அப்பாடா என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

சொன்னால் திட்டு விழும். ஆனால் 'இது யாரு?' என்ற குரல் காதை விட்டுப் போகவே இல்லை.

"அம்மா, உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"அஞ்சு நாளா என் கண்ணையே நான் நம்பாம இருந்திருக்கேன்டி."

அதற்குப் பதில் இரண்டு அடி வைத்திருந்தாலும் தேவலை. எனக்கு அழுகை வந்தது. அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். "சரி, அழுதா நிறம் திரும்பி வந்துடாது. வா, பார்ப்போம்."

"அம்மா, முதல்ல முழுக் கறுப்பா ஒரு படம் திற," என்றேன்.

அம்மா திறந்தாள். மானிட்டரின் சட்டம் கறுப்பு. அதற்குள்ளே திரை சாம்பல்!

"கறுப்பையே காணோம்! புது கேபிள் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் இப்படித் தெரியுது?"

"கேளு, கேளு. இன்னிக்கு உன் கேள்விதான் வேணும்," என்று சொல்லிக்கொண்டே அம்மா திரை அமைப்புகளைத் திறந்தாள். இருவரும் ஒவ்வொரு வரியாகப் படித்தோம். நான்காவது பக்கத்தில் என் விரல் நின்றது. 'நிற வரம்பு: குறுகியது. டிவிக்கு ஏற்றது.'

"அம்மா! நம்ம மானிட்டரைக் கம்ப்யூட்டர் டிவின்னு நினைச்சுக்கிட்டு இருக்கு!"

அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "டிவிக்கு அனுப்பும்போது கறுப்பையும் வெள்ளையையும் கொஞ்சம் சுருக்கித்தான் அனுப்பும். டிவி அதை விரிச்சுக் காட்டிடும். மானிட்டருக்கு அந்தச் சங்கதி தெரியாது. வந்ததை அப்படியே காட்டுது."

கீழே 'முழுமை' என்று இன்னொரு வரி இருந்தது. அதை அழுத்தினேன். திரை ஒரு தடவை அணைந்து மறுபடி எரிந்தது. கறுப்பு திரும்பி வந்திருந்தது.

அம்மா தான் திருத்திய படத்தைத் திறந்தாள். இப்போது திரையிலும் முகம் இருட்டாகவே இருந்தது, தாளில் இருந்ததைப் போலவே.

"இதையா அந்தக் குழந்தை கையில குடுத்தேன்!" அம்மா அச்சிட்ட தாளைக் கவிழ்த்து வைத்தாள். "வெளிறித் தெரியுதேன்னு நான்தான் இருட்டை ஏத்திக்கிட்டே போயிருக்கேன். இந்த வாரம் அச்சடிச்ச மத்த ரெண்டு படத்தையும் திரும்பப் போட்டுக் குடுக்கணும்."

டிரைவர் மாமாவின் போனிலிருந்து வந்த படத்தை முதலிலிருந்து திறந்தோம். அதில் திருத்துவதற்குப் பெரிதாக ஒன்றுமே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பாவும் மகனும் வந்தார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "மாமா, கேபிளை உடைச்சு மறைச்சது நான்தான். அதனாலதான் படம் கெட்டுப் போச்சு. மன்னிச்சுக்கோங்க."

மாமா என் தலையில் கை வைத்தார். அவர் கண்கள் படத்தின் மேலேயே இருந்தன. பிறகு குனிந்து படத்தை மகனிடம் கொடுத்தார்.

பொடியன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"அம்மா ஏன் கண்ணைச் சுருக்கறாங்க?" என்று கேட்டான்.

"அன்னிக்கு நல்ல வெயில்டா," என்றார் மாமா.

பொடியன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தன் சின்னக் கையை படத்தில் இருந்த அம்மாவின் நெற்றிக்கு மேலே, வெயில் படாதபடி பிடித்துக்கொண்டான்.