சாவித் துவாரத்தில் ஈர மண்

திங்கட்கிழமை, சாமான் அறையின் சாவித் துவாரம் மூடிக்கொண்டது. யாரோ ஈர மண்ணை உள்ளே திணித்து, விரலால் வழித்துவிட்டது போல மழமழவென்று இருந்தது.

செவ்வாய், துணி அலமாரி. புதன், இஸ்திரிப்பெட்டியைச் செருகும் பிளக் பாயின்டில் ஓர் ஓட்டை.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். எதற்கும் பதற மாட்டார். மண்ணைப் பார்த்தார். பிறகு வாண்டுவைப் பார்த்தார்.

வாண்டுவுக்கு வயது பத்து. நான்கு வயதில், பாவம் பசிக்குமே என்று செல்போனின் சார்ஜர் துளைக்குச் சோறு ஊட்டியவள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

"நான் இல்லம்மா."

"வீட்ல இருக்கறது ரெண்டு பேர். நானும் இல்லையே."

இன்னொரு ஓட்டை அடைபட்டால், பள்ளி விட்டதும் வாண்டு நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பானது. பெரியம்மா கணக்கு டீச்சர். அங்கே தண்ணீர் கேட்டாலும் முதலில் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும்.

வியாழன் காலை பூட்டுக்காரர் வந்தார். சாமான் அறைப் பூட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி ஒரு காகிதத்தில் வைத்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"முப்பது வருஷமா பூட்டு பாக்கறேன் சிஸ்டர். இது மனுஷன் பூசின மாதிரி தெரியல" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பினார்.

மாலை மூன்றரைக்கு வாண்டு வீடு திரும்பினாள். பூட்டுக்காரர் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. சாமான் அறைத் துவாரத்தில் மறுபடியும் மண். தொட்டாள். ஈரம்.

அம்மா ஐந்து மணிக்கு வந்துவிடுவார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவது போல, 'ங்ங்ங்' என்று. அலமாரியின் இன்னொரு கதவில் காது வைத்தாள். மரத்துக்குள்ளிருந்துதான் வந்தது. அவள் மூச்சு விட்டதும் நின்றுவிட்டது.

கால்கள் வாசலுக்குப் போகலாம் என்றன. பதினாறாம் வாய்ப்பாடு வேண்டாம் என்றது.

அவள் டேப்பை எடுத்தாள். வீட்டில் கண்ணில் பட்ட ஓட்டைகளையெல்லாம் ஒட்டி மூடினாள், மேசை டிராயரின் சாவித் துவாரத்தைத் தவிர. வருவது யாரானாலும் இங்கேதான் வந்தாக வேண்டும். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாள்.

நான்கரை. ஜன்னலின் மேல் இடுக்கு வழியாக அது வந்தது. நூல் போன்ற இடுப்பு. வாயில் தன் தலையை விடப் பெரிய மண் உருண்டை. டிராயர் துவாரத்தில் தலையை விட்டது. மொத்த டிராயரும் 'ங்ங்ங்' என்று பாடியது.

குளவி.

ஐந்து மணிக்கு வந்த அம்மாவும் கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு பூட்டுக்காரர் சுரண்டிய மண்ணை இடுக்கியால் பிரித்தார். உள்ளே ஆறு பச்சைப் புழுக்கள் வரிசையாக, அசையாமல் கிடந்தன. ஒன்றைத் தொட்டார். லேசாக நெளிந்தது.

"உயிரோட இருக்கு. மயக்க ஊசி போட்டிருக்கு" என்றார். தொழில் தெரிந்தவரைப் பாராட்டும் குரல்.

புழுக்களுக்கு நடுவே அரிசி மணி போல வெள்ளையாக ஒரு குளவிக் குட்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மருந்து அடித்துவிடலாமா என்று அம்மா யோசித்தார்.

"வேணாம்மா. அது குழந்தைக்கு ரூம் தேடுது. நாம வேற ரூம் குடுப்போம்."

ஒரு முனை மூடிய மூங்கில் குழாய்களை வாண்டு கட்டாகக் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். ஒன்றில் குட்டியையும் அதன் சாப்பாட்டையும் மெதுவாகத் தள்ளி, வாயை ஈர மண்ணால் பூசினாள். வாழ்க்கையில் அவள் மண் வைத்து அடைத்த முதல் ஓட்டை அதுதான்.

"மன்னிச்சுக்கோ" என்றார் அம்மா. சார்ஜர் வழக்கும் அன்றே தள்ளுபடியானது.

சாமான் அறையை யாரும் தொடவில்லை. சில வாரங்கள் கழித்து, அந்த வழியாகப் போன பூட்டுக்காரர் குடையை மூலையில் சாய்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். துவாரத்து மண்ணில் வட்டமாகச் சின்ன ஓட்டை விழுந்திருந்தது.

"யாரு தொறந்தது?"

"உள்ள இருந்தவங்க" என்றாள் வாண்டு.

பூட்டுக்காரர் குடையைக்கூட எடுக்காமல் போனார். இன்னும் வாங்க வரவில்லை. நேற்று அதன் கைப்பிடி ஓட்டையில் ஈர மண் இருந்தது.