வால்நேராவில் குறி போடாத இடம்

ஏரியைத் திறந்து விட்டிருந்தார்கள். எழுபது வருஷமாகத் தண்ணீருக்கு அடியில் கிடந்த வால்நேரா என்ற ஊர், சேறு வழிய வழிய வெளியே வந்து நின்றது. கூரையில்லாத வீடுகள், ஒரு பக்கம் சாய்ந்த மணிக்கூண்டு, மூன்று வளைவு வைத்த கல் பாலம்.

இத்தாலியில், மேல்படிப்புக்கு வந்த பொலோஞா பல்கலைக்கழகத்தின் கேன்டீனில், கையில் தட்டோடு நின்றபடியே போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள் அமுலு. தட்டை வைத்துவிட்டுப் பர்ஸைத் திறந்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்த பழுப்புக் காகிதம். அதில் பென்சிலால் கிறுக்கிய ஒரு படம். சாய்ந்த மணிக்கூண்டு. மூன்று வளைவு வைத்த பாலம்.

அது அவளுடைய அப்பாவின் தாத்தா கன்னியப்பன் வரைந்தது. குடியாத்தம் பக்கத்தில் கல் உடைக்கிற குடும்பம். உளி பிடித்த கை என்பதால் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற வேலை கொடுத்தார்கள். கப்பலேற்றி இத்தாலிக்கு அனுப்பினார்கள். 1944 குளிர்காலத்தோடு ஆள் இல்லை. செத்தான் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். பட்டாளம் சொன்னது வேறு: அனுமதியில்லாமல் ஓடிவிட்டான்.

கூட இருந்த இருசப்பன் என்பவர் அந்தக் காகிதத்தைப் பூட்ஸுக்குள் ஒளித்து ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விடிகிறதுக்கு முன்னால் இதைக் கையில் திணித்துவிட்டுப் போனான், அதிகாரியிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான் தெரியும் என்றார். அதற்குப் பிறகு எண்பது வருஷமாக அந்த வீட்டுக்கு ஒரே பெயர்: ஓடிப்போனவன் வீடு. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அமுலு. இன்ஜினியரிங் சீட் கிடைத்து பஸ்ஸுக்கு நின்ற அன்றைக்கும் டீக்கடைக்காரர் பக்கத்து ஆளிடம் அதையேதான் சொன்னார்: "யாரா? ஓடிப்போனவன் வூட்டுப் பொண்ணு."

பட்டாளத்திலிருந்து ஓடிப்போனவன் என்றால் ஊரில் திருட்டுப் போனாலும் முதலில் அந்த வீட்டைத்தான் பார்ப்பார்கள். இதை அனுபவிக்காதவர்கள் பெருந்தன்மை பேசலாம்.

செய்தியின் கடைசி வரியைப் படித்தாள். அணையைப் பழுதுபார்க்கும் வேலை முடிந்தது. நாளை, அக்டோபர் முப்பத்தொன்று, மாலை நான்கு மணிக்கு மதகு மூடப்படும். மறுபடி ஏரியை வற்ற வைக்க முப்பது வருஷம் ஆகலாம்.

கூட வரத் தயாராக ஒரே ஒருத்திதான் இருந்தாள். தர்சிகா. பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்தது இத்தாலி, வைத்திருந்தது கதவு சரியாகச் சாத்தாத ஒரு சின்ன பியட் கார். விஷயத்தைக் கேட்டதும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளுடைய மாமா ஒருவரும் போரில் காணாமல் போனவர். காணாமல் போனவரைத் தேடுவது என்றால் என்னவென்று அந்த வீட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மண்வெட்டி, ஒரு கயிறு, தலையில் கட்டும் விளக்கு, ரப்பர் பூட்ஸ் என்று எடுத்து வைத்தாள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். மலைத்தொடரைத் தாண்டி பிஸ்தோயா, பிறகு லுக்கா. லுக்காவின் கோட்டை மதில் மேல் ஜனங்கள் சாவகாசமாக சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். கடையில் நின்றபடியே காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, செர்கியோ ஆற்றங்கரையோடு வடக்கே ஏறினார்கள். இலையெல்லாம் உதிர்ந்த மரங்களில் சீமைப்பனிச்சைப் பழங்கள் மட்டும் ஆரஞ்சு விளக்குகள் மாதிரித் தொங்கின. மலைமேல் ஒவ்வொரு ஊரும் மூடின ஜன்னல்களோடு கீழே போகிற காரையே பார்ப்பது போலிருந்தது. எங்கோ வேட்டைத் துப்பாக்கி வெடித்தது. மூடுபனி இறங்க ஆரம்பித்தது.

ஒரு திருப்பத்தில் ஆற்றின்மேல் முதுகு கூனிய ஒரு பழைய பாலம் வந்தது. தர்சிகா வேகத்தைக் குறைத்தாள்.

"பிசாசுப் பாலம். ஒரே இரவில பிசாசு கட்டினதாம். முதலாவதாக் கடக்கிற உயிர் தனக்கு எண்டு சொல்லிச்சாம். ஊராக்கள் என்ன செய்தவை தெரியுமே? ஒரு நாயை முன்னால விட்டிட்டினம்."

அமுலு பாலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லா ஊர்லயும் இதான். மொதல்ல ஒன்ன அனுப்பிப் பாப்பாங்க. எங்க தாத்தாவயும் அதுக்குத்தான இட்டுனு வந்தாங்க."

தர்சிகா கியரை மாற்றினாள்.

வால்நேராவின் வேலியருகே காவலர் ஒருவர் நின்றிருந்தார். பெயர் எர்மானோ, நாற்பது வயதிருக்கும். உள்ளே விட முடியாது என்றார். தர்சிகா இத்தாலிய மொழியில் கெஞ்சினாள், பிறகு சண்டை போட்டாள். அமுலு காகிதத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அந்தக் காகிதத்தையும் கீழே தெரிந்த மணிக்கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேலியைத் திறந்தார். மூன்று மணிக்கு சைரன் ஒலிக்கும், அப்போது மேலே வந்துவிட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மாவு மில் பக்கம் மட்டும் போகாதீர்கள், எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அங்கே போகக்கூடாது என்பார்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்குக் கழுத்தில் தொங்கிய சிலுவையைத் தொட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மணி பதினொன்று.

ஊருக்குள் ஒரு சத்தமும் இல்லை. காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சேறு பூட்ஸுக்கு அடியில் உடைந்தது. வாசல்கள் இருந்தன, கதவுகள் இல்லை. ஒரு வீட்டுச் சுவரில் சட்டி மாட்டும் ஆணி அப்படியே இருந்தது. பனிக்குள் இரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள்.

படத்தில் நான்கு இடங்களில் மூன்று புள்ளியும் அடியில் ஒரு கோடும் போட்டிருந்தது. அது அமுலு வீட்டுக் குறி. கல் வேலை செய்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. அம்மியின் அடிப்பக்கத்தைப் புரட்டினால் யார் கொத்தியது என்று தெரிந்துவிடும். ஐந்தாவதாக, ஓடைக்கரையில் ஒரு வெறும் வட்டம். அதில் குறி இல்லை. தன் இருப்பிடத்தைத்தான் தாத்தா குறி போட்டுக் காட்டியிருக்கிறார் என்று வீட்டில் எண்பது வருஷமாக நம்பினார்கள். அமுலுவும் நம்பினாள்.

பாலத்தின் கைப்பிடிக் கல்லில் பாசியைச் சுரண்டியபோது அது வந்தது. மூன்று புள்ளி, ஒரு கோடு. உளியால் கொத்தியது. அமுலு விரலை அந்தப் புள்ளிகளுக்குள் வைத்தாள். கடலுக்கு இந்தப் பக்கம், முன்பின் தெரியாத ஒரு சேற்றில், தன் வீட்டு அம்மியைத் தொடுகிற மாதிரி இருந்தது.

தேவாலய வாசல், ரொட்டிக்கடை, கிணற்றடி. மூன்றிலும் குறி இருந்தது. மூன்று இடத்திலும் தோண்டினார்கள். கையெல்லாம் கொப்புளம் கண்டது. ஒரு பித்தளைக் குழாயும் ஒரு செருப்பும் தவிர ஒன்றும் இல்லை.

மணி ஒன்றரை. தர்சிகா கிணற்றுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். அமுலு போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம் ஆறு மணி. குவாரியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். வாசல் கல்லில் எல்லாம் நம் குறி இருக்கிறது, ஆனால் தாத்தா இல்லை என்றாள். மறுமுனையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"குறி கீற எடத்துல ஏம்மா தேட்ற?" என்றார் அப்பா. "வேல முடிஞ்ச கல்லுலதான குறி போடுவோம். அங்கல்லாம் வெடிய எடுத்து முடிச்சுட்டாரு. முடிக்காத கல்லுல எவன்னா குறி போடுவானா? காலேஜு போயி இதயும் மறந்துட்டியா?"

அமுலு காகிதத்தைப் பார்த்தாள். வெறும் வட்டம். ஓடைக்கரை. மாவு மில்.

அவளுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. படித்த திமிரில் ஒரு அம்மிக்கல்லின் பாஷையைத் தொலைத்திருக்கிறாள்.

மில்லின் மேல்மாடம் இடிந்து கிடந்தது. கீழே சக்கரம் சுற்றுகிற நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டில் ஆள் உயரத்துக்கு இடிபாடு. ஓடைப் பக்கம் சுற்றி வந்தார்கள். தண்ணீர் வெளியேறும் வாயையும் கல் அடைத்திருந்தது. ஆனால் எழுபது வருஷ ஏரி அந்தக் கற்களுக்கு நடுவே ஒரு ஆள் ஊர்ந்து போகும் அளவு ஓட்டையை அரித்து வைத்திருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

தர்சிகா அமுலுவின் கையைப் பிடித்தாள். "தண்ணி சொட்டுது. வேற ஒண்டும் இல்ல," என்றாள், அவளுக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

பின்னால் சேற்றில் யாரோ ஓடிவந்தார்கள். எர்மானோ. மேலிருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வெளியே வாருங்கள் என்று கத்தியவர், அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கினார். தர்சிகா வரிக்கு வரி தமிழில் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் இருபத்தாறு பேர் இந்த மில்லின் மேல்மாடத்தில் ஒளிந்திருந்தார்கள். அவருடைய பாட்டிக்கு அப்போது எட்டு வயது. பின்வாங்கிய ஜெர்மன் படை, மில்லுக்கு அடியில் வெடி வைத்துவிட்டுப் போயிருந்தது. கிராமத்தான் ஒருவன் பாலத்தருகே இருந்த பட்டாளத்திடம் ஓடி அழுதிருக்கிறான். பாலத்தைத் தாண்டி மில் பக்கம் போகக்கூடாது என்று பட்டாளத்துக்கு உத்தரவு. ஆனாலும் விடியும் நேரத்தில் ஒரு கறுத்த மனிதன் தனியாக வந்து கீழே இறங்கினான். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ குண்டு வந்து விழுந்து படிக்கட்டு மூடிக்கொண்டது. மாடத்தில் இருந்தவர்கள் காட்டுக்கு ஓடினார்கள். ஓடும்போது கீழே டொக் டொக் என்று கல் தட்டும் சத்தம் கேட்டது. காட்டு ஓரத்தில் ஒளிந்திருந்தவர்களுக்கு இரண்டு நாள் கேட்டது. வெடிக்குப் பயந்து யாரும் போகவில்லை. பிறகு நின்றுவிட்டது.

"ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஏரிக்கரையில ஒரு விளக்கு வைப்பினமாம்," என்றாள் தர்சிகா. "பேர் தெரியாதாம். கல்லுத் தட்டுறவர் எண்டு சொல்லுவினமாம்."

"ரெண்டு நாளு கேட்டுனே இருந்தாங்களா?" என்றாள் அமுலு.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அமுலு ஓட்டைக்குள் நுழைந்தாள். சேறு வாய்க்குள் போனது. தோளைக் கல் பிறாண்டியது. திடீரென்று இடம் அகன்றது. தலைவிளக்கை உயர்த்தினாள்.

கல் வளைவு கூரை. சுவரில் ஒரு மாடக்குழி. அதில் துருப்பிடித்த தட்டுகள் மாதிரி ஐந்து கண்ணிவெடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கின சட்டி போல நேராக. பக்கத்தில் அவற்றிலிருந்து கழற்றிய திரிகள், ஐந்தும் வரிசையாக. அவசரத்தில் ஓடுகிறவன் வைத்தது இல்லை. வேலை தெரிந்தவன் வைத்தது.

கீழே சேற்றுக்கு மேல் ஒரு பூட்ஸின் முனை. அதன் பக்கத்தில் முனை மழுங்கிய ஒரு சின்ன உளி. பட்டாளத்து உளி இல்லை, குடியாத்தத்து உளி.

அமுலு அழவில்லை. விளக்கைச் சுவர்மேல் ஓட்டினாள். வளைவின் நடுக்கல்லில் அது இருந்தது. மூன்று புள்ளி, அடியில் ஒரு கோடு. மற்ற இடங்களில் நகக்கண் ஆழம்தான். இங்கே விரல் கணு முழுக்க உள்ளே போனது. இருட்டில், தடவித் தடவி, இரண்டு நாள் கொத்தியிருக்கிறார்.

உதவி கேட்டும் தட்டியிருப்பார், மனுஷன்தானே. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எண்பது வருஷமாகப் பயந்த அந்தச் சத்தம், வேலை முடிந்தது என்று ஒருத்தன் கையெழுத்துப் போட்ட சத்தம்.

மேலே சைரன் அலறியது. கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

வெளியே வந்ததும் அவள் தர்சிகாவை வைத்து எர்மானோவிடம் கேட்டாள்: ஒரு செத்தவனுக்காக மதகு மூடுவதை நிறுத்துவார்களா? அவர் இல்லை என்று தலையசைத்தார். வெடிக்காத குண்டு இருந்தால்? அவர் நிமிர்ந்தார். சட்டென்று ரேடியோவை எடுத்தார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாகப் பேசியிருக்க மாட்டார். ஐந்து கண்ணிவெடி, வால்நேரா மில், மதகைத் தொடாதே.

நான்கு மணி ஆனது. தண்ணீர் வரவில்லை. கரையில் மூன்று பேரும் சேறு காய்ந்த முகத்தோடு உட்கார்ந்து, எர்மானோ பையிலிருந்து எடுத்த செஸ்ட்நட் மாவு ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள்.

வெடி எடுக்கும் படை வந்தது. பிறகு எலும்பு எடுக்கிறவர்கள் வந்தார்கள். மதகு பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பிற்பகலில், கரையில் நாற்பது பேர் கூடினார்கள். எர்மானோ தீப்பெட்டியை அமுலுவிடம் நீட்டினார். அவள் விளக்கை ஏற்றிவிட்டு, அவர்கள் எல்லோரையும் அந்தப் பெயரைச் சொல்ல வைத்தாள். கன்-னி-யப்-பன். நாக்கு சுளுக்கியது. சரியாக வரும்வரை விடவில்லை. எண்பது வருஷக் கடன் அவ்வளவு சுலபமாகத் தீரக்கூடாது என்று நினைத்தாள்.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது அவளிடம் இரண்டு பொருள் இருந்தன. கன்னியப்பன் ஓடவில்லை, வெடியை எடுத்து இருபத்தாறு பேரைக் காப்பாற்றி இறந்தார் என்று இத்தாலிய அரசு முத்திரை போட்ட ஒரு கடிதம். வளைவுக் கல்லின்மேல் வெள்ளைத் துணி விரித்துக் கரியால் தேய்த்து எடுத்த குறி. பட்டாளத்துப் பதிவேட்டைத் திருத்த மனுப் போட்டாயிற்று. அது எப்போது நடக்குமோ, நடக்கும்போது நடக்கட்டும். எழுதி வைத்தவன் மறந்துவிடலாம், கல் வேலை செய்தவன் கை மறக்காது, அதை இனிமேல் அவளும் மறக்கப்போவதில்லை.

அப்பா துணியைக் கருங்கல் மாதிரி கனக்கிறது என்பது போல இரண்டு கையாலும் வாங்கினார். கரியில் பதிந்த குறியின்மேல் விரலை ஓட்டி, எவ்வளவு ஆழம் என்று கேட்டார்; அமுலு விரல் கணுவைக் காட்டினாள். "நல்லா கொத்திகீறாரு," என்றார். கல் வேலைக்காரன் இன்னொரு கல் வேலைக்காரனுக்குக் கொடுக்கிற பாராட்டு அவ்வளவுதான்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்த அடுத்த வாரம் இத்தாலியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்த கூரியர் ஆள் புதுசு. டீக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டான். அமுலு அங்கேதான் டீ குடித்துக்கொண்டு நின்றாள். டீக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் டம்ளரைக் கழுவினார்.

"நேரா போயி லெப்டுல திரும்பு," என்றார். "கன்னியப்பன் வூடு."