காத்திருக்காத கமெண்ட்

அறையில் நான்கு பேர்.

பிரின்ஸிபால். இன்ஸ்பெக்டர். மாணவர் பத்திரிகையின் ஆசிரியையான மாணவி. அப்புறம், கத்தரி.

பட்டப்பெயர்தான். பத்திரிகையின் இணையதளத்துக்கு வரும் கமெண்ட்டுகளில் வேண்டாததை வெட்டி, மிச்சத்தை வெளியே விடுவது அவன் வேலை. இதுவரை ஒரு காற்புள்ளியைக்கூட வெட்டியதில்லை.

திரையில் ஒரே ஒரு கமெண்ட்.

'ஆசிரியை அடுத்த இதழைப் பார்க்க மாட்டாள்... இப்படிக்கு, கழுகு.'

"கொலை மிரட்டல்," என்றார் இன்ஸ்பெக்டர். "யாருப்பா இதை வெளிய விட்டது?"

பிரின்ஸிபால் முந்திக்கொண்டார். "இவன்தான். கருத்துச் சுதந்திரம்னு குதிச்சாங்க. இன்னிக்கே கமெண்ட் பகுதியை மூடறேன். இவனைக் கூட்டிட்டுப் போங்க."

கத்தரி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"நான் விடலை சார். வாசகர் எழுதினா, நாங்க பார்த்து விடற வரைக்கும் காத்திருக்கும். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனவங்க எழுதினா நேரா வெளிய வந்துடும். கழுகுன்னு பேர் போட்டாலும் சரி, காக்கான்னு போட்டாலும் சரி."

"பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"இவன்கிட்ட," என்றாள் ஆசிரியை. "அப்புறம்... கண்காணிக்கணும்னு கேட்டு வாங்கின பிரின்ஸிபால் சார்கிட்ட."

"அப்ப இவன்தானே?" பிரின்ஸிபால் சிரித்தார்.

தப்பிக்க ஒரே வழி. அதற்கு ஜெயிலே தேவலை என்று பட்டது கத்தரிக்கு.

"நான் உள்ளே போயே மாசக்கணக்காச்சு சார்... பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

ஆசிரியை திரும்பினாள். "யாருமே எழுதறதில்லைன்னு சொன்னியேடா?"

"எழுதியிருப்பாங்க. நான்தான் பார்க்கலை."

தளத்தைப் பராமரிப்பவருக்கு இன்ஸ்பெக்டர் போன் போட்டார். கேட்டார். வைத்தார்.

"தம்பி சொல்றது நிஜம். வேலையே செய்யலை. நேத்து இந்தக் கமெண்ட் வந்தப்ப உள்ளே இருந்தது நீங்கதான் சார்."

பிரின்ஸிபாலின் கைக்குட்டை நெற்றிக்குப் போனது.

"உள்ளே காத்திருக்கறது பூரா ஹாஸ்டல் பணத்தை நான் சுருட்டினதைப் பத்தித்தான்... அழிக்க அழிக்க வருது. என்னிக்காவது இவன் வேலை செஞ்சுட்டா? அதான் பகுதியையே மூட ஒரு சாக்கு தேடினேன்."

"அந்த பயம் உங்க ஒருத்தருக்குத்தான் இருந்திருக்கு. நடங்க."

இருவரும் போனார்கள். கத்தரி எழுந்தான்.

"உட்காரு," என்றாள் ஆசிரியை. புதுப் பாஸ்வேர்டை அவளே போட்டாள். திரை நிரம்பி வழிந்தது. முதல் கமெண்ட்: 'இதையெல்லாம் படிக்கிறவர் உயிரோடுதான் இருக்கிறாரா?'

"முடிச்சுட்டுக் கூப்பிடு. திறந்து விடறேன்."

"இன்ஸ்பெக்டரைத் திரும்பக் கூப்பிடேன். அங்க தண்டனை கம்மி."

கதவு சாத்திக்கொண்டது.

"உன் கமெண்ட் கிடைச்சுது," வெளியிலிருந்து குரல். "பார்த்துட்டு, மாசக்கணக்குல விடறேன்."

பூட்டு விழுந்தது.