எட்டு ஊசித் துளைகள்

நேற்று பட்டிக் களிம்பு வைத்து அடைத்த எட்டுத் துளைகளும் காலையில் திறந்திருந்தன. பட்டி உதிரவில்லை. உள்ளிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் சின்னச் சின்ன உருண்டைகளாக மேசையில் கிடந்தது.

கிளெம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். உலகத்தின் முதல் டாங்கிகள் உருண்டு வெளியேறிய இங்கிலாந்தின் இந்த லிங்கன் ஊரிலேயே பிறந்து, அவற்றில் ஒன்றை உள்ளங்கையளவில் செய்துவிட வேண்டுமென்று ஆசைப்பட்டவர். அதன் உடல்பகுதி ரெசின் பிசினில் வார்த்த ஒரே கட்டி. உள்ளே கடுகளவு வெற்றிடம் கிடையாது. வார்க்கும்போது சிக்கிய காற்றுக் குமிழ்கள் மேற்பரப்பில் விட்ட புள்ளிகள்தாம் இந்தத் துளைகள். நாளை நடக்கும் மாதிரி வண்டிப் போட்டியில் நடுவர் டார்ச் அடித்துத் தேடுவது இவற்றைத்தான்.

மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. தேய்ப்புத்தாள் ஊறிய கிண்ணத்தில் சாம்பல் நீர், ரெசினின் திகட்டும் இனிப்பு வாசனை, அதற்கும் மேல், சாத்திய கதவுக்கு அந்தப்புறம் மனைவி எனிட்டின் நெஞ்சில் ஓடும் விசில். செவ்வாய்க்கிழமையிலிருந்து அது கூடிவிட்டது. பட்டி பார்க்கத் தொடங்கியதும் செவ்வாய்தான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"கிளெம், ஜன்னலத் திறயேன். காத்தே வரல."

"உன் ஜன்னல் திறந்துதான் இருக்கு. மழையே உள்ள வருது."

"அப்ப என் பங்கு காத்தையும் நீதான் குடிக்கிற, கிழட்டுக் குதிரை."

சிரித்துக்கொண்டே சூப்பர் குளூவை எடுத்தார். இதைத் தள்ளட்டும் பார்ப்போம். ஊசி நுனியில் ஒரு சொட்டு. முதல் துளை. அந்த அறையில் இருமல். இரண்டாவது. இருமல். ஐந்தாவதில் அவர் கை தயங்கியது. ஏழாவதில் நின்றது.

ஒன்றுதான் பாக்கி. அதிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ விரலில் பட்டது.

நடுவரின் டார்ச்சை நினைத்தார். அடைத்தார்.

விசில் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நிம்மதிப்பட்டார்.

தட்டும் சத்தம். நகத்தால் தட்டுவதுபோல். அந்த அறையிலிருந்து இல்லை. கட்டியை எடுத்துக் காதில் வைத்தார்.

"கிளெம்."

ஓடினார். நாற்காலியில் போர்வை இருந்தது. அதில் உட்கார்ந்த பள்ளம் இருந்தது, சூடாக. தேநீரில் ஆவி பறந்தது. எனிட் இல்லை.

திரும்பி ஓடினார். விரலால் திருகும் துளைக்கருவி. கடைசித் துளையில் வைத்தார்.

"வேணாம். கண்ணுல குத்துது."

பக்கத்துத் துளைக்கு நகர்த்தினார்.

"அது வாய், கிளெம்."

அடுத்தது.

"அங்கயும் நான்தான். இடமே இல்ல."

கட்டியைத் திருப்பினார். மேலே. கீழே. எங்கே வைப்பது? தட்டல் மெதுவானது. விட்டு விட்டு.

கடைசித் துளையின் பசை இன்னும் ஈரம். அது மெல்ல உப்பியது. தாழ்ந்தது. உப்பியது.

தாழ்ந்தது.

அப்படியே, கண்ணாடிபோல, இறுகியது.