தட்டை வாங்கிய லத்தீஃபா

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே சுலைமானின் டீக்கடை. அந்தக் கடை வாசலில் ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறதே, அதுதான் சுற்றுவட்டார மேளக்காரர்களுக்கெல்லாம் ஆபீஸ்.

வேலை இல்லாத நாளில் நாயனக்காரர்களும் தவில்காரர்களும் அங்கே வந்து உட்காருவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே பெஞ்சுக்கு வந்து ஆளைப் பேசிக்கொண்டு போவார்கள். விண்ணப்பம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

சுலைமானின் மகள் லத்தீஃபாவுக்குப் பத்து வயது. கோடை விடுமுறை என்பதால் பகலெல்லாம் கடையில்தான் இருந்தாள். அவளுக்கு மேளக்காரர்கள் அத்தனை பேரையும் தெரியும். கடை வாசல்வரை வந்து, பெஞ்சில் உட்காராமலே திரும்பிப் போகும் சாரதாம்பாளையும் தெரியும்.

சாரதாம்பாள் நாயனம் வாசிப்பவர். கணவருக்கு ரயில்வேயில் மாற்றல் ஆனதால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே குடி வந்தவர். வந்து மூன்று மாதமாகியும் ஒரு கல்யாணம்கூடக் கிடைக்கவில்லை.

"நீங்களும் வந்து பெஞ்சுல குந்துங்கக்கா. குந்தினாத்தான வேலை வரும்" என்றாள் லத்தீஃபா.

சாரதாம்பாள் பெஞ்சைப் பார்த்தார். எட்டு ஆண்கள், எட்டு பீடிகள்.

"நான் அங்க உக்காந்தா நாளைக்கே ஊரு பேசும்மா. வேலைவாய்ப்பு ஆபீசுக்கும் போய்ப் பாத்தேன். டைப் அடிக்கத் தெரியுமான்னாங்க. நாயனம்தான் வாசிப்பேன்னேன். ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லையாம்!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு சாரதாம்பாளின் முகம் வாடியது.

"என் தம்பிதான் எனக்குத் தவில் வாசிக்கிறான். இந்த வைகாசியிலயும் வேலை வரலேன்னா ஊருக்கே திரும்பிப் போறேங்கிறான். அவன் போயிட்டா நான் தனியா என்னத்தை வாசிக்கிறது?"

 அன்று இரவுச் சோறு லத்தீஃபாவுக்குச் சரியாக இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. மறுநாள் பெரிய முகூர்த்த நாள். மேளக்காரர்கள் எல்லாரும் கல்யாணங்களுக்குப் போய்விட, பெஞ்சு காலியாக இருந்தது. சுலைமான் மகளைக் கடையில் உட்கார வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார்.

அப்போது வியர்க்க விறுவிறுக்க ஒருவர் ஓடி வந்தார். கையில் வெற்றிலை, பாக்கு, பழம், முன்பணம் வைத்த தட்டு.

"பாப்பா, நான் பூஞ்சேரி திருவேங்கடம். நாளைக்குக் காலைல என் பொண்ணுக்குக் கல்யாணம். பேசி வச்ச நாயனக்காரருக்கு ஜுரம். மேளக்காரங்க யாருனா வந்தா இத்த குடுத்து அனுப்பிடு. பஸ்ஸு கெளம்புது!"

நீட்டிய தட்டை லத்தீஃபா வாங்கிக்கொண்டாள். டீக்கடைப் பெண் நீட்டியதை வாங்காமல் இருப்பாளா? அவர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

திரும்பி வந்த சுலைமான் தட்டைப் பார்த்து, மகள் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற? தாம்பூலத்த வாங்கினா வாக்கு குடுத்த மாதிரி. ஒரு ஆளும் இல்லாத நாளாப் பாத்து வாங்கி வச்சிருக்கியே! அந்த மனுசன் நாளைக்கு மேளம் வரும்னு நம்பிகினு இருப்பாரே!"

லத்தீஃபாவுக்குப் பகீரென்றது. ஆனால் உடனே முகம் மலர்ந்தது.

"ஆளு இருக்குது அத்தா! சாரதாம்பாள் அக்கா!"

சுலைமான் தாடியைத் தடவினார். "பொம்பள நாயனத்த அவரு ஒத்துக்குவாரா? பேசாம அனுப்பிச்சிடுவோம். பந்தலுக்கே போய்ட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"வேணாம் அத்தா. பந்தலாண்ட வச்சி வேணாம்னுட்டா அக்காவுக்கு எவ்ளோ அவமானம்? முன்னாடியே சொல்லிடலாம்."

அவள் சாரதாம்பாள் வீட்டுக்கு ஓடினாள். தெருமுனையிலேயே நாயனம் கேட்டது. சாரதாம்பாள் சாதகம் செய்துகொண்டிருந்தார். எதற்கு ஓடி வந்தோம் என்பதே லத்தீஃபாவுக்கு ஒரு நிமிடம் மறந்துபோனது. பிறகு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சாரதாம்பாள் கொஞ்சம் யோசித்தார்.

"எழுதிக் கேளு. அவருக்குச் சம்மதம்னா வரேன்."

லத்தீஃபா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்:

'நாளை உங்கள் வீட்டில் வாசிக்க சாரதாம்பாள் அக்கா தயார். அவர் வாசித்து நான் கேட்டேன். மிக நன்றாக இருந்தது. சம்மதம் இல்லையென்றால் ஐந்து மணி பஸ்ஸில் வந்து தட்டை வாங்கிக்கொள்ளவும்.'

மகாபலிபுரம் பஸ் கண்டக்டர் முனிசாமி தாளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "பூஞ்சேரிதான? போற வழிதான். குடுத்துட்றேன்" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு பஸ் வந்தது. அதிலிருந்து திருவேங்கடமே இறங்கினார். சாரதாம்பாளும் தம்பியும் வாத்தியங்களோடு கடை ஓரத்தில் நின்றிருந்தார்கள். லத்தீஃபா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பொம்பள நாயனமாம்மா?" என்றார் திருவேங்கடம். "எங்க ஊர்ல யாரும் கேட்டதே இல்லியே!"

"கேட்டதில்லேன்னா இப்ப கேளுங்க!" என்றாள் லத்தீஃபா.

சுலைமான் மகளை முறைத்தார். சாரதாம்பாள் சிரித்துக்கொண்டே உறையைப் பிரித்தார். காலி பெஞ்சின் பக்கத்தில் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். தம்பியின் தவில் சேர்ந்துகொண்டது.

பஸ்ஸில் ஏறப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். கொய்யாப்பழம் விற்பவர் கூடையைக் கீழே வைத்தார். முனிசாமி வாயில் வைத்த விசிலை ஊத மறந்தார். பஸ் பத்து நிமிடம் தாமதமானது. ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

வாசித்து முடித்ததும் திருவேங்கடம் தொண்டையைக் கனைத்தார்.

"பாப்பா, தட்ட குடு."

லத்தீஃபாவின் கண்ணில் நீர் முட்டியது. தட்டைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, அப்படியே திரும்பி, இரண்டு கையாலும் சாரதாம்பாளிடம் நீட்டினார்.

"காலைல ஆறு மணிக்கு முகூர்த்தம்மா. இப்பவே எங்கூட இதே பஸ்ஸுல வந்துடுங்க."

திங்கட்கிழமை கடைச் சுவரில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் லத்தீஃபாவின் கையெழுத்து: 'நாயனம், சாரதாம்பாள். பெஞ்சில் இருக்க மாட்டார். ரயில்வே காலனி வீட்டில் கேட்கவும்.'

பெஞ்சிலேயே மூத்தவரான கோதண்டராமன் அதைப் படித்துவிட்டு, "எம் பேரையும் எழுதிடேன். ரெண்டு நாளு வெயில்ல குந்தாம வூட்டாண்ட படுக்கறேன்" என்றார். சாயங்காலத்துக்குள் சிலேட்டில் இடமே இல்லை.

அப்போது சாரதாம்பாள் வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் கல்யாண வீட்டு லட்டும் முறுக்கும்.

"இந்தாம்மா, வாங்கிக்க."

லத்தீஃபா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மொதல்ல சொல்லுங்கக்கா. இத்த வாங்கினா நான் எந்த ஊருக்குப் போய் ஊதணும்?"